நுண்கரு கண்ட யோஹென் லீட்கே

இம்மலரின் தமிழ்ப் பகுதியிலே புலவர், போதகர், அரசியலறிஞர் ஆகியோர்தம் வரலாறுகள் வெளிவருதல் வழக்கம். கணிப்பொறித் துறையைச் சார்ந்த ஒருவரின் வரலாற்றை யாம் எழுதப் புகுந்ததறிந்து நண்பர் சிலர் நகைத்தனர். இலக்கணம் பயில்வார்க்கு இயந்திரத்தோடு யாது தொடர்பு என்பது அவர்தம் வினா. வினா தகுந்ததே. எனினும், சில எழுத்திற் பல பொருளை அடக்கி நிற்பதே சூத்திரத்தின் இயல்பு என வகுப்பறையிற் கேட்டுக் கேட்டுப் பழகிய எமக்கு, தம் படைப்பினின்று நீக்கத்தக்கனவற்றையெல்லாம் நீக்கி, எஞ்சிய சிறு பகுதியை ஒப்பற்ற விரைவுடன் இயங்கச் செய்த இம்மனிதரின் செயல் அயலதாகத் தோன்றவில்லை. அன்றியும், தம் துறையினர் ஏறக்குறைய அனைவரும் ஆகாது என்று கைவிட்ட ஒன்றை ஆகும் என்று நிறுவியவர் இவர். அந்நிகழ்ச்சியைக் கூறவே இக்கட்டுரை எழுந்தது.

யோஹென் லீட்கே 1953-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் பிறந்தார். பள்ளி மாணவராயிருந்த காலத்திலேயே ஆல்கால் 60 என்னும் கணிப்பொறி மொழிக்கு ஒரு மொழிபெயர்ப்பு நிரலை எழுதினார் என அறிகிறோம். பின்னர் ஜெர்மனியிலுள்ள பீலஃபெல்டு பல்கலைக்கழகத்திற் கணிதம் பயின்றார். பட்டத்திற்காக அவர் 1977-இல் எடுத்துக்கொண்ட பணி, எலான் என்னும் மொழிக்கு ஒரு கம்பைலர் இயற்றுவதாகும். எலான், பள்ளிச் சிறுவர் ஒழுங்குற நிரல் எழுதப் பழகவேண்டும் என்னும் நோக்கத்துடன் 1974-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற் கோஸ்டர் என்னும் அறிஞரின் குழுவினரால் அமைக்கப்பட்டது. மொழியை அமைத்தல் ஒன்று. அம்மொழியை இயந்திரம் புரிந்துகொள்ளச் செய்தல் மற்றொன்று. இவ்விரண்டாவது தொழிலிலேதான் லீட்கே தம் கைத்திறனை முதன்முதற் காட்டினார்.

பட்டம் பெற்றபின்னும் அவர் பீலஃபெல்டிலேயே தங்கினார். எலான் மொழியைப் பள்ளிகள் வாங்கக்கூடிய சிறு கணிப்பொறிகளில் ஓடச் செய்யவேண்டும் என்பது அப்போதைய தேவை. அக்கணிப்பொறிகளின் உள்ளே இருந்தது ஸைலாக் கம்பெனியாரின் ஸெட் 80 என்னும் சிறு புராஸஸர். எட்டு பிட் எண்களைக் கையாளும் அவ்வெளிய பொருளுக்கு ஒருவர் நினைவகத்தை மற்றொருவர் தீண்டாதவாறு காக்கும் ஆற்றல் இல்லை. பலர் ஒரே நேரத்தில் ஒரு கணிப்பொறியைப் பயன்படுத்துங்கால் இக்காவல் இன்றியமையாதது. இல்லாத காவலை எங்ஙனம் உண்டாக்குவது? லீட்கே கண்ட வழி வியக்கத்தக்கது. மெய்யான புராஸஸரின்மீது மற்றொரு புராஸஸர் இருப்பதுபோல் ஒரு பாவனையை நிரலாலேயே அமைத்தார். அப்பாவனைப் புராஸஸருக்குக் காவல் உண்டு. பெரிய நினைவகமும் உண்டு. எலான் நிரல்கள் அதனையே மெய்யென நம்பி ஓடின. இங்ஙனம் நிரலால் அமைந்த பொறியையே இக்காலத்தார் மெய்நிகர் இயந்திரம் என வழங்குவர்.

1980-ஆம் ஆண்டளவில் இவ்வமைப்பு ஓய்மெல் என்னும் பெயருடன் முழுமையான இயங்குதளமாக வளர்ந்தது. இயங்குதளமாவது, கணிப்பொறியின் நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை முதலிய உறுப்புகளை யாவர்க்கும் பங்கிட்டு அளித்து, எல்லா நிரல்களையும் ஆண்டு நடத்தும் தலைமை நிரலாகும். ஓய்மெலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கணிப்பொறியின் நிலையை அவ்வப்போது வட்டிலே பதித்து வைக்கும். திடீரென மின்சாரம் நின்று மீண்டும் வருமாயின், பதித்த இடத்தினின்று பணி தொடரும். எழுதிய கட்டுரை மின்தடையால் மாய்ந்தொழிய, தலையிற் கைவைத்து அமர்ந்த அனுபவம் இல்லாதார் நம்முள் எத்துணைபேர்? நாற்பத்தைந்து ஆண்டுகட்கு முன்பே ஜெர்மானியப் பள்ளிச் சிறுவர்க்கு அத்துயரம் பெரிதும் நீங்கியிருந்தது. ஓய்மெல் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட பொறிகளில் நிறுவப்பட்டது. பெரும்பாலானவை பள்ளிகள், சில வழக்கறிஞர்தம் அலுவலகங்கள்.

1984-இல் லீட்கே ஜெர்மன் நாட்டுக் கணிதத் தகவல் ஆராய்ச்சிக் கழகமாகிய ஜி.எம்.டி.யிற் சேர்ந்தார். இக்கழகம் பான் நகரையடுத்த ஸாங்க்ட் அவ்குஸ்டீனில் இருந்தது. சில ஆண்டுகளில் இன்டெல் கம்பெனியாரின் 386 என்னும் புராஸஸர் எங்கும் கிடைக்கலாயிற்று. முன்பு லீட்கே நிரலாற் பாவனை செய்த நினைவகக் காவலை இப்புராஸஸர் தானே மெய்யாக உடையது. ஆகவே 1987-இல் பழைய ஓய்மெலை ஒதுக்கி, அடித்தளத்தினின்று புதியதொன்றை எழுதத் தொடங்கினார். அதற்கு எல் 3 என்று பெயர். பள்ளியில் எழுதிய மொழிபெயர்ப்பு நிரலை முதலாவதாகவும் ஓய்மெலை இரண்டாவதாகவும் கொண்டு, தம் பெயரின் முதலெழுத்துடன் மூன்றாம் எண்ணைச் சேர்த்தார். அடக்கம் மிகுந்த பெயரன்று; ஆயினும் குறுமையானது.

எல் 3-இன் அமைப்பை உணரவேண்டுமாயின் கோட்டையொன்றை மனத்திற்கொள்ளுதல் நலம். இயங்குதளத்தின் நடுப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். யாம் அதனைக் கரு என்போம். கருவில் வாழும் நிரலுக்குத் தடையென்பதே இல்லை. எந்த நினைவகத்தையும் படிக்கும், எதனையும் மாற்றும். அஃது அரசன் வாழும் அகநகர். பயனாளிகளின் நிரல்களோ மதிலுக்கு வெளியே புறநகரில் வாழ்வன. அவற்றுள் ஒன்று தவறிழைத்தால் அதுமட்டுமே மாயும்.

இனி, வட்டு, வலையட்டை, அச்சுப்பொறி ஆகிய ஒவ்வோர் உறுப்பையும் இயக்குதற்கென ஒவ்வொரு நிரல் வேண்டும். அந்நிரலை டிவைஸ் டிரைவர் என்பர். மோட்டார் டிரைவர் எவ்வண்டியையும் ஓட்டுவார். இந்த டிரைவரோ தனக்குரிய ஒரே பொறியையன்றி வேறொன்றையும் அறியாது. சந்தையிலுள்ள பொறிகள் எத்துணையோ, அத்துணை டிரைவர்கள் வேண்டும். அவற்றை எழுதுவோர் இயங்குதளத்தை வகுத்த அறிஞரல்லர்; பொறியைச் செய்து விற்கும் கம்பெனிகளின் பணியாட்களே பலர். இங்ஙனம் எங்கிருந்தோ வந்த டிரைவர்களை வழக்கமான இயங்குதளங்கள் அகநகரின் உள்ளேயே குடியேற்றின. விரைவு கருதியே அங்ஙனம் செய்தனர். விளைவு யாதெனில், வலையட்டையின் டிரைவர் ஒன்று தவறிழைத்தால் அரண்மனையே இடிந்து விழும். கணிப்பொறி திடீரெனச் செயலற்று நிற்றலுக்கு இது பெருங்காரணம்.

எல் 3-இல் டிரைவர்களுக்கு அகநகரில் இடமில்லை. ஏனைய நிரல்களைப் போலவே அவையும் புறநகரில் வைக்கப்பட்டன. இது கேட்பதற்கு எளிது, செய்தற்கு அரிது. ஏனெனில், ஒரு பொறி தன் வேலையை முடித்ததும் புராஸஸரின் கையைத் தட்டி அழைக்கும். இவ்வழைப்புக்கு இன்டரப்ட் என்று பெயர். இதனைக் கேட்கும் உரிமை கருவுக்கே உண்டு. லீட்கே இதற்குக் கண்ட உபாயம் மிக நேர்த்தியானது. கரு அவ்வழைப்பைக் கேட்டவுடன், அதனை ஒரு சிறு செய்தியாக மாற்றி உரிய டிரைவருக்கு அனுப்பிவிடும். டிரைவரின் பார்வையில் வலையட்டையும் செய்தி அனுப்பும் மற்றொரு நிரலேயாம். பொறியின் பதிவேடுகள் மட்டும் அந்த டிரைவரின் எல்லைக்குள் தெரியுமாறு திறந்துவிடப்படும், பிறவெல்லாம் மூடப்படும். கருவோ எந்த வட்டையும் எந்த அட்டையையும் அறியாது தூய்மையாய் நிற்கும். இங்ஙனம் சுருங்கிய கருவே நுண்கரு, அதாவது மைக்ரோகெர்னல் எனப்படும். எல் 3 1989 முதல் வெளியிடப்பெற்று, பல நூறு இடங்களில் நாள்தோறும் உழைத்தது.

நுண்கரு என்னும் எண்ணம் லீட்கே ஒருவருக்கே உரியதன்று. அமெரிக்காவில் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தார் இயற்றிய மாக் என்பதே அக்காலத்திற் புகழ்பெற்ற நுண்கரு. பெருங்கம்பெனிகள் அதன்மீது பெருநம்பிக்கை வைத்தன. ஆயின் மாக் மெல்ல நடந்தது. இயங்குதளத்தின் பகுதிகள் புறநகரிற் சிதறி வாழுமாயின், வட்டிலிருந்து ஓர் ஏட்டைப் படிக்கவும் செய்தி போகவேண்டும், விடை வரவேண்டும். ஒவ்வொரு செய்தியும் மதிலைக் கடந்து கருவுக்குள் சென்று மீண்டும் மதிலைக் கடந்து வெளிவரவேண்டும். 50 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் புராஸஸரில் ஒரு குறுஞ்செய்திக்கு ஏறத்தாழ 100 மைக்ரோ வினாடிகள் சென்றன. ஒரு நொடியின் பதினாயிரத்தில் ஒரு பங்குதானே என எண்ணற்க. நொடிக்கு ஆயிரக்கணக்கான செய்திகள் போகுமிடத்து அதுவே பொறியின் முழு உழைப்பையும் விழுங்கிவிடும்.

ஆகவே மாக்கின் வழிவந்தோர் டிரைவர்களையும் வேறு பல பகுதிகளையும் மீண்டும் கருவுக்குள்ளேயே வைத்துக்கொண்டனர். 1990-ஐ அடுத்த ஆண்டுகளில் நுண்கருவென்பது ஏட்டிலே இனிக்கும், நாட்டிலே ஓடாது என்னும் தீர்ப்பு எங்கும் பரவியது. 1991-இல் தோன்றிய லினக்ஸ் பழைய முறைப்படி எல்லாவற்றையும் அகநகருக்குள்ளேயே வைத்தது. அது விரைந்து ஓடிற்று. 1992-இல் பேராசிரியர் டானன்பாமும் லினக்ஸ் இயற்றிய டார்வால்ட்ஸும் இப்பொருள்பற்றி நிகழ்த்திய வாதம் இன்றும் பேசப்படுவது. காவல் வேண்டுமாயின் விரைவை இழக்கவேண்டும். விரைவு வேண்டுமாயின் காவலை இழக்கவேண்டும். இதுவே பலர் கொண்ட முடிவு.

லீட்கே இவ்வாதத்திற்கு வாதத்தால் விடையிறுக்கவில்லை. 1993-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வட கரோலினா மாநிலத்து ஆஷ்வில் நகரில் இயங்குதளக் கோட்பாடுகள் பற்றிய மகாநாடு கூடியது. அங்கே அவர் அளித்த கட்டுரையின் சாரம் ஓர் எண். அதே 50 மெகாஹெர்ட்ஸ் புராஸஸரில் எல் 3-இன் குறுஞ்செய்தி 5 மைக்ரோ வினாடிகளிற் சென்று சேர்ந்தது. இருபது மடங்கு விரைவு!

இதனை அவர் சாதித்த முறையை யாம் வியந்து வியந்து படித்தோம். மந்திரம் ஒன்றும் இல்லை. முதலில், புராஸஸர் எவ்வளவு முயன்றாலும் தவிர்க்கவொண்ணாத வேலை எவ்வளவு என்று கணக்கிட்டார். அதற்கு மேற்பட்டு ஓடும் ஒவ்வொரு கட்டளையையும் நிறுத்தி, நீ எதற்கு வந்தாய் என வினவினார் என்னலாம். குறுஞ்செய்தியை நினைவகத்தில் எழுதாமற் புராஸஸரின் பதிவேடுகளிலேயே வைத்து அனுப்பினார். நீண்ட செய்தியை அனுப்புவோரிடமிருந்து கருவுக்கும், கருவிலிருந்து பெறுவோர்க்கும் என இருமுறை படியெடுத்தல் வழக்கம். பெறுவோரின் நினைவகத்தைச் சிறிதுபோது கருவின் எல்லைக்குள் தோன்றச் செய்து, ஒரே படியோடு முடித்தார். செய்தி அனுப்பலும் விடைக்குக் காத்திருத்தலும் இரண்டு அழைப்புகளாயிருந்தன, ஒன்றாக்கினார். இவற்றுள் எந்த ஒன்றும் தனியே நின்று இருபது மடங்கு தாராது. அனைத்தும் சேர்ந்தே தந்தன. பிழை திருத்தும் ஆசிரியர் செய்யுளின் ஒவ்வொரு சீரையும் தட்டிப் பார்ப்பதுபோன்ற உழைப்பு அது.

1995-இல் கொலராடோ மாநிலத்தில் கூடிய அடுத்த மகாநாட்டில் இன்னும் ஒரு படி மேற்சென்றார். மாக் ஏன் மெல்ல நடந்தது என்பதை அளவைகளால் ஆராய்ந்து காட்டினார். புராஸஸரை ஒட்டிக் கேஷ் என்னும் சிறிய, மிக விரைவான நினைவகம் உண்டு. மாக்கின் கரு பருத்தது. அது ஓடுந்தோறும் அக்கேஷை நிரப்பி, பயனாளியின் செய்திகளை வெளியே தள்ளிவிட்டது. மெதுவுக்குக் காரணம் நுண்கரு என்னும் கொள்கையன்று; அக்கரு நுண்ணியதாய் இராமையே காரணம். ஆதலின் கருவுக்குள் எதனை வைக்கலாம் என்பதற்கு அவர் ஒரே விதி வகுத்தார். கருவுக்கு வெளியே வைத்தால் முறைமையே இயலாது என்னும் நிலையிலுள்ளது மட்டும் உள்ளே வரலாம்; வசதி கருதியோ விரைவு கருதியோ எதுவும் உள்ளே வரலாகாது. இவ்விதிப்படி எழுந்ததே எல் 4. மாக் 300 கிலோபைட் அளவும் 140 அழைப்புகளும் உடையது. எல் 4-க்கு அளவு 12 கிலோபைட், அழைப்புகள் ஏழு. நினைவகத்தை ஆளுதற்கும் மூன்றே செயல்களை வகுத்தார். ஒரு நிரல் தன் நினைவகப் பக்கத்தைப் பிறர்க்கு முற்றும் கொடுக்கலாம், தானும் வைத்துக்கொண்டு பகிரலாம், பகிர்ந்ததை மீட்டுக்கொள்ளலாம். பொறிகளின் பதிவேடுகளையும் இம்முறையாலேயே டிரைவர்கள் பெற்றன.

குறை கூறாது புகழ்வது வரலாறாகாது. லீட்கே தம் கருவை முழுதும் அஸெம்பிளி மொழியில் எழுதினார். ஒரு புராஸஸருக்கு எழுதியது மற்றொன்றுக்குப் பயன்படாது. அடுத்த புராஸஸர் வந்தால் மீண்டும் முதலிலிருந்து எழுதவேண்டும் என்பதை அவர் கொள்கையாகவே கூறினார். விரைவுக்கு வேறு வழியில்லை என்பது அவர் கருத்து. ஆயின் டிரெஸ்டன் நகர அறிஞர் ஸி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் ஃபியாஸ்கோ என்னும் கருவை எழுதினர். கார்ல்ஸ்ரூஏ நகரில் லீட்கேயின் குழுவினரே ஹேஸல்நட் என்னும் கருவை உயர்மொழியில் எழுதினர். அவையும் விரைந்தே ஓடின. இந்த ஒரு பொருளில் மாணவர் கண்டது ஆசிரியர் கண்டதினும் சரியாயிற்று. செய்திகள் யார் வழியாக யாருக்குச் செல்லலாம் என்பதைக் குலமும் குலத்தலைவருமாகப் பிரித்து அவர் வகுத்த ஏற்பாடும் பிற்காலத்திற் கைவிடப்பட்டது.

1996-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அமெரிக்கா சென்று, நியூயார்க் மாநிலத்திலுள்ள ஐ.பி.எம். தாமஸ் வாட்ஸன் ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார்.

கருவின் விரைவு நிலைநாட்டப்பட்டது மெய்யே. எனினும் ஐயமுடையோர் மற்றொரு வினா எழுப்பினர். வெறுங்கரு விரைந்து ஓடினால் யாது பயன்? அதன்மீது முழு இயங்குதளத்தை ஏற்றினால் ஓடுமா? இதற்கு விடை டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பேராசிரியர் ஹெர்மான் ஹேர்டிக்கின் குழுவினர் லினக்ஸ் முழுவதையும் அகநகரினின்று பெயர்த்து, எல் 4-இன் புறநகரில் ஒரு சாதாரண நிரலாகக் குடியேற்றினர். லீட்கேயும் அக்கட்டுரையின் ஆசிரியருள் ஒருவர். 1997-இல் பிரான்ஸ் நாட்டு ஸான் மாலோ நகரில் நடந்த மகாநாட்டில் அதன் முடிவை வெளியிட்டனர். தனித்து ஓடும் லினக்ஸைக் காட்டிலும் எல் 4-இன்மீது ஓடிய லினக்ஸின் உழைப்பு நூற்றுக்கு 5 பங்கே குறைந்தது. மாக்கின்மீது ஏற்றிய லினக்ஸுக்கு இழப்பு அதனினும் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை மிகுதி. ஒரு காலத்தில் அரசு வீற்றிருந்த லினக்ஸ் குடிமகனாகப் பணிந்து வாழ்ந்தது. ஆயினும் அதன் நடை தளரவில்லை.

இச்சோதனைக்குள் மற்றொரு செல்வமும் மறைந்திருந்தது. புதிய இயங்குதளம் இயற்றுவார் யாவரையும் வருத்தும் நோய் டிரைவர் இன்மையே. கருவைப் பத்துப்பேர் சேர்ந்து ஈராண்டில் எழுதிவிடலாம். ஆயிரக்கணக்கான வலையட்டைகளுக்கும் வட்டுகளுக்கும் டிரைவர் எழுத எங்ஙனம் இயலும்? லினக்ஸின் மூலத்திற் பாதிக்கு மேற்பட்டது டிரைவர்களே. பலப்பல நாட்டினர் பலப்பல ஆண்டு உழைத்த உழைப்பு அது. அதனைக் கடன்பெற வழியுண்டாயின் வறியவன் செல்வனாவான். ஆனால் லினக்ஸின் டிரைவரைத் தனியே பறித்தெடுத்து நட்டால் அது வாடிவிடும். அது தன் கருவினிடமே நினைவகம் கேட்கும், நேரம் கேட்கும், பூட்டும் சாவியும் கேட்கும். அவ்வனைத்தையும் போலியாக அமைத்துத் தருவது பெருவேலை. லினக்ஸ் ஒவ்வொரு முறை மாறுந்தோறும் அவ்வேலை மீண்டும் தலைகாட்டும். செடியைப் பறிக்காமல் மண்ணோடு பெயர்த்தெடுப்பதே வழி. எல் 4-இன்மீது குடியேறிய லினக்ஸ் அத்தகைய மண்கட்டியாயிற்று. ஐ.பி.எம். நிலையத்தில் ஸாமில் என்னும் முயற்சியில் லினக்ஸைப் பகுதி பகுதியாக அறுத்துத் தனித்தனிப் பணியாளராக்கவும் லீட்கேயும் உடனுழைத்தோரும் முயன்றனர். அது முற்றுப்பெறவில்லை, ஆயினும் எவ்வெவ்விடத்தில் அறுத்தால் இரத்தம் கசியும் என்பதை அம்முயற்சி கற்பித்தது.

1999-இல் லீட்கே தாயகம் மீண்டார். கார்ல்ஸ்ரூஏ பல்கலைக்கழகத்தில் இயங்குதளத் துறைப் பேராசிரியராக அமர்ந்தார். முன்னரே எழுதிய எல் 4-ஐச் சீர்செய்வதோடு நில்லாது, எல்லாப் புராஸஸருக்கும் பொருந்தும் புதிய வகுப்பொன்றையும் மாணவர்களுடன் ஆராயத் தொடங்கினார். 2001-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10-ஆம் நாள் காலமானார். அப்போது அவர்க்கு அகவை 48. பேராசிரியராயிருந்தது இரண்டே ஆண்டுகள்.

நேபோ மலையின் உச்சியில் நின்று கானானைக் கண்ட மோசேயின் நினைவு எமக்கு இவ்விடத்தில் எழுகிறது. மோசேயாவது தொலைவில் நாட்டைக் கண்டார். லீட்கே இறந்த அதே ஆண்டின் இறுதியிலே ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். லினக்ஸ் கருவில் டிரைவர்களிற் காணப்படும் பிழையின் விகிதம் பிற பகுதிகளினும் மூன்று முதல் ஏழு மடங்கு வரை மிகுதி என அவர்கள் எண்ணிக் காட்டினர். டிரைவர்களை அகநகரினின்று வெளியேற்றவேண்டும் என்று அவர் 1980-களிலேயே கொண்ட கொள்கைக்கு இதனினும் சிறந்த சாட்சி வேண்டா. அச்சாட்சியை அவர் கேளாமலே சென்றார்.

அவர் தொடங்கிய புதிய வகுப்பு, பிஸ்டாஷியோ என்னும் கருவாக 2003-இல் கார்ல்ஸ்ரூஏயினின்று வெளிவந்தது. எல் 4-இன் வழித்தோன்றல்கள் பின்னர்க் கோடிக்கணக்கான கைப்பேசிகளின் ரேடியோப் பகுதிகளிற் குடிகொண்டன. ஆப்பிள் கம்பெனியாரின் கருவிகளில் மறைபொருள்களைக் காக்கும் தனிப் புராஸஸரிலும் அவ்வழிவந்த கருவே இயங்குகிறது. ஸிட்னி நகர அறிஞர் 2009-இல் எஸ்.இ. எல் 4 என்னும் கருவைப் பிழையற்றதெனக் கணித முறையால் நிறுவினர். கரு சிறிதாயிருந்தமையாலேயே அந்நிறுவுதல் கைகூடிற்று. இவையெல்லாம் புகழ்க்குரியனவே, பலரும் எழுதியுள்ளனர்.

யாம் அவற்றினும் மிகுதியாக மகிழ்வது 2004-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றையெண்ணி. ஜோஷுவா லவாஸர் முதலிய நால்வர், லீட்கே இருந்த கார்ல்ஸ்ரூஏயினின்று ஸான் ஃபிரான்ஸிஸ்கோ மகாநாட்டிற்கு ஒரு கட்டுரை கொணர்ந்தனர். டிரைவர் கடன்பெறும் பழைய சிக்கலுக்கு அவர்கள் கண்ட தீர்வு இது: டிரைவரை ஓரெழுத்தும் மாற்றாது, அதன் சொந்த லினக்ஸுடன் சேர்த்து, ஒரு மெய்நிகர் இயந்திரத்திற்குள் வைத்தனர். அந்த லினக்ஸ் தன்னையே முழுக் கணிப்பொறியின் அரசனென்று எண்ணிக்கொண்டிருக்கும். உண்மையில் எல் 4-இன் புறநகரில் வாழும் ஒரு குடியே. அதன் கையில் ஒரு வலையட்டை மட்டும் கொடுக்கப்படும். பக்கத்தில் வேறு மெய்நிகர் இயந்திரங்கள் பல இருக்கும். அவை ஒவ்வொன்றிற்கும் தனக்கெனவே ஒரு வலையட்டை உளதுபோன்ற தோற்றம் உண்டு. அத்தோற்ற அட்டையிடம் ஒன்று கேட்டால், வேண்டுகோள் நுண்கருவின் செய்தியாக மாறி டிரைவர் வீட்டிற்குச் செல்லும்; அனுப்பவேண்டிய பொருள் படியெடுக்கப்படாது, பகிர்ந்த நினைவகப் பக்கத்திலேயே கிடக்கும். டிரைவர் மெய்யான அட்டையை இயக்கி விடை அனுப்பும். இங்ஙனம் ஒரே அட்டையைப் பலர் பகிர்ந்துகொள்வர். வட்டுக்கு மற்றொரு வீடு. அதன் டிரைவர் மடிந்தால் அவ்வீடு மட்டுமே விழும். அதனை மீண்டும் எழுப்பலாம். அண்டை வீடுகள் நிற்கும்.

ஸெட் 80-இன் வறுமை தீர்க்க ஓர் இளைஞர் பீலஃபெல்டில் அமைத்த பாவனைப் புராஸஸரை இவ்விடத்தில் நினையாதிருத்தல் எமக்கு இயலவில்லை. அங்கே பாவனை, இல்லாத காவலை உண்டாக்கிற்று. இங்கே இல்லாத டிரைவர்களை உண்டாக்கிற்று. ஆயின் இப்பகிர்வுமுறை செய்திகளின்மீதே நிற்பது. ஒவ்வொரு செய்திக்கும் 100 மைக்ரோ வினாடி சென்றிருந்தால் இதனை யாரும் எண்ணியும் பார்த்திரார். வலையின் வேகம் தனித்து ஓடும் லினக்ஸினும் நூற்றுக்கு 3 முதல் 8 பங்கே குறைந்தது. மேலும் ஒரு மெய்நிகர் இயந்திரத்தைச் சேர்த்தால் புராஸஸரின் உழைப்பு நூற்றுக்கு 0.12 பங்களவே கூடிற்று.

ஒரு குறை மட்டும் எஞ்சியது. வலையட்டை போன்ற பொறிகள் புராஸஸரைக் கேளாமலே நினைவகத்தில் நேரே எழுதும் ஆற்றலுடையன. டிரைவரைப் புறநகரில் அடைத்தாலும், அது தன் பொறியை ஏவிக் கருவின் நினைவகத்தையே அழிக்கச் செய்யலாம். அக்காலத்துச் சாதாரணக் கணிப்பொறிகளில் இதனைத் தடுக்கும் வன்பொருள் இல்லை. சில ஆண்டுகட்குப் பின் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய கம்பெனியார் பொறிகளின் முகவரிகளையும் சோதிக்கும் ஐ.ஓ.எம்.எம்.யு. என்னும் காவலைத் தம் கணிப்பொறிகளிற் சேர்த்தனர். அதன்பின் அவ்வாயிலும் அடைபட்டது.